நான்கு நட்டுகளில் ஒன்று வேறு காருடையது

கோவில்பட்டியைத் தாண்டி, கயத்தாறு வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பாக, நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் காரை நிறுத்தி, அதன் மேல் விளிம்பைக் கைகளால் பிடித்துக்கொண்டு, வீல் ஸ்பேனரின் மீது இரண்டு கால்களையும் வைத்து ஏறி நின்றேன். என் எடை 62 கிலோ. நட் அசையவில்லை. காலை ஒன்பதரை மணிக்கே கரிசல் காட்டு வெயில் சுட ஆரம்பித்திருந்தது. அம்மா வேலிக்கருவை நிழலில் நின்றபடி, பாளையங்கோட்டையில் நடக்கவிருந்த முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்க இடது டயரில் ஆணி ஏறிக் காற்று முழுவதும் இறங்கியிருந்தது. ஸ்டெப்னி நல்ல நிலையில் இருந்தது, ஜாக்கி இருந்தது, சக்கரம் மாற்றவும் எனக்குத் தெரியும். ஆனால் நட்டுகள் கழன்றால்தானே அதெல்லாம் பயன்படும்.

என்னுடையது 2012ஆம் ஆண்டு வாங்கிய ஹோண்டா சிட்டி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு நட்டுகள். முதல் நட் நான் ஏறி நின்றும் நகரவில்லை. இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கியது. குனிந்து பார்த்தபோது நட்டின் ஆறு முனைகளில் மூன்று மழுங்கி, உலோகம் பளபளவென்று சீவப்பட்டிருந்தது. மூன்றாவது மட்டும் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தத்துடன் இளகியது. நான்காவதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண்ணான 1033ஐ அழைத்தேன். ரோந்து வண்டி வந்து, காருக்குப் பின்னால் கூம்புகளை வைத்துவிட்டு, கயத்தாற்றில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை வரவழைத்தது.

அந்தச் சக்கரங்களைக் கழற்றி மாட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு டயர் கடையில் இரண்டு புது டயர்கள் வாங்கி, அவற்றைப் பின்பக்கம் போட்டு, பின்பக்கத்துப் பழைய டயர்களை முன்னால் மாற்றி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்திருந்தேன். நான்கு சக்கரங்களும் கழன்று திரும்ப மாட்டப்பட்டன. அந்த நேரம் முழுவதும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று கார்கள் நின்றதும், ஒரு பையன், காற்றழுத்தத்தால் நட்டைத் திருகும் ஏர் கன்னால் நட்டுகளைக் கழற்றி ஒரே பிளாஸ்டிக் தட்டில் போட்டதும், பிறகு அதே கன்னை வைத்து ஒவ்வொரு நட்டையும் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்ததும் என் கண்ணில் படாமல் இல்லை. அவற்றுக்கு என்ன பொருள் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் வந்தார். பின்னால் ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய், கிராஸ் ஸ்பேனர், சுத்தியல், பழைய சாக்கெட்டுகள் நிறைந்த ஒரு தகர டப்பா. வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. பழைய துணியால் நான்கு நட்டுகளையும் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "தாயி, இத மெஷின்ல அடிச்சிருக்காங்க. கையால போட்ட நட்டு பத்து நாள்ல இப்படிப் பிடிக்காது" என்றார். முதல் நட் குழாயின் நெம்புகோல் பலத்தில் கழன்றது. முனை மழுங்கிய நட்டின் மீது, 19 அளவுக்குப் பதிலாக 18 அளவுள்ள பழைய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, அது உலோகத்தில் கடித்துக்கொண்டதும் மெதுவாகத் திருப்பி எடுத்தார். நான்காவது நட் அரைச் சுற்று கீச்சிட்டபடி வந்தது; பிறகு சட்டென்று இலகுவாகச் சுழன்றது. அவர் முகம் மாறியது. நட், தான் ஏறி உட்காரும் மரையிட்ட கம்பியான ஸ்டட்டின் உடைந்த முனையை உள்ளே வைத்துக்கொண்டு அவர் கையோடு வந்துவிட்டது.

அவர் டப்பாவில் பழைய நட்டுகள் சில இருந்தன. முனை மழுங்கியதற்கு மாற்றாக அவற்றில் ஒன்றைப் போட முடியுமா என்று பார்த்தார். ஸ்டட்டில் வைத்து இரண்டு விரல்களால் மட்டும் சுற்றினார். ஒன்றரைச் சுற்றில் நின்றது. ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. நட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, "விரல்ல போகலைன்னா அது இதுக்குப் பிறந்தது இல்ல" என்றார். பிறகு என்னுடைய மூன்று நட்டுகளை வைத்தே ஸ்டெப்னியை மாட்டினார். கார் தரையில் இறங்கிய பின்பு கை பலத்தால் மட்டும் இறுக்கினார், குழாயைத் தொடவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, கங்கைகொண்டானில் நிறுத்தி ஒரு முறை நட்டுகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் அப்படியே செய்தேன். கங்கைகொண்டானில் ஒரு நட் கால் சுற்று இறுகியது.

தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். ஆனால் பிற்பகலில் பாளையங்கோட்டையில் மாமாவுக்குத் தெரிந்த பட்டறையில் அந்த நான்காவது நட்டைப் பார்த்த பிறகு, நாங்கள் முழுதாக வந்து சேர்ந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றியது.

மெக்கானிக் அண்ணன் நட்டை வைஸில் பிடித்து, உள்ளே இருந்த ஸ்டட் துண்டைத் திருகி எடுத்தார். மரைகளின் இடுக்கில் வெள்ளிக் கம்பிபோல உலோகச் சீவல்கள் சுருண்டு கிடந்தன. ஸ்டட்டின் மரை பாதி உயரத்துக்கு மொட்டையாகியிருந்தது. அவர் என் காரின் நல்ல நட் ஒன்றையும் இதையும் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் 19 அளவு ஸ்பேனர்தான், இரண்டும் குரோம் பூச்சு, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. பிறகு சீப்புபோலப் பற்கள் வெட்டிய மரை அளவு பார்க்கும் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றின் மரையிலும் வைத்துக் காட்டினார். என் காரின் நட் 12 மில்லிமீட்டர் விட்டமும், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் ஆகியவற்றின் பெரும்பாலான கார்களில் அதுதான் அளவு. நான்காவது நட்டின் விட்டமும் 12தான், ஆனால் மரை இடைவெளி 1.25. அது மாருதி சுசுகி கார்களின் அளவு. விட்டம் ஒன்றாக இருப்பதால் நட் ஸ்டட்டில் நுழைந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்று 1.5 மில்லிமீட்டர் முன்னேற, மற்றது 1.25தான் முன்னேற முடியும் என்பதால், நான்கு சுற்றுக்குள் ஒரு முழு மில்லிமீட்டர் முரண்பாடு வந்துவிடும். விரலால் திருகினால் ஒன்றரைச் சுற்றிலேயே அது நின்று, தான் தவறான நட் என்று சொல்லிவிடும். ஏர் கன் அந்தச் செய்தியைக் கேட்பதில்லை; ஸ்டட்டின் மரையை வெட்டித் தனக்கு ஒரு புது வழி செய்துகொண்டு போய்விடும்.

அண்ணன் இன்னொன்றையும் காட்டினார். நட்டின் வாய்ப்பகுதி, அதாவது சக்கரத்தின் குழியில் போய் உட்காரும் பகுதி, ஹோண்டாவின் நட்டில் பந்தின் ஒரு பகுதிபோல உருண்டையாக இருக்கிறது. வேறு பல கார்களின் நட்டுகளில் அது கூம்புபோலச் சாய்வாக இருக்கிறது. உருண்டைக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் முழுப் பரப்பும் தொடாமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். என் அலாய் சக்கரத்தின் அந்த ஒரு குழியில் வட்டமாக ஒரு கீறல் பதிந்திருந்தது. வெளிக்கடையில் அலாய் சக்கரம் வாங்கி மாட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை கூம்பு வாய் நட்டுக்காகச் செய்யப்பட்டவை. காரோடு வந்த பழைய நட்டையே போட்டால் அது உட்காரும் இடமே தவறாகிவிடும். சக்கரத்தோடு அதற்குரிய நட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதுதான் சரி.

உட்காரும் இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, சக்கரம் எதனால் காரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிய வேண்டும். சக்கரம் அந்த நான்கு ஸ்டட்டுகளில் தொங்குவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சக்கரத்தின் பின்முகத்தை, ஸ்டட்டுகள் பதிந்திருக்கும் சுழலும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தோடு நட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன; அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்பே பிடிப்பு. நட்டை இறுக்க வேண்டிய திருகு பலத்துக்கு, என் காருக்கு ஹோண்டா கொடுத்திருக்கும் அளவு 108 நியூட்டன் மீட்டர், அதாவது 11 கிலோகிராம் விசை மீட்டர். சுத்தமான உலர்ந்த மரையில் அந்த அளவுக்கு இறுக்கினால் ஒவ்வொரு நட்டும் ஏறத்தாழ நான்கரை டன் விசையோடு சக்கரத்தை அழுத்துகிறது. நாம் கொடுக்கும் திருகு பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இப்படி ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது. மீதி எல்லாம் நட்டின் வாயிலும் மரையிலும் உள்ள உராய்வைத் தாண்டவே செலவாகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பல பழக்கங்கள் ஏன் தவறு என்பது எனக்கு விளங்கியது. நட் எளிதாகக் கழல வேண்டும் என்று ஸ்டட்டில் கிரீஸோ எண்ணெயோ தடவுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணெய் உராய்வைக் குறைத்துவிடுவதால், திருகு பலத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் அதே 108 வைத்து இறுக்கினாலும் ஸ்டட் மீது விழும் இழுப்பு நான்கரை டன்னிலிருந்து ஆறு டன் வரை ஏறிவிடலாம். மரையில் துரு பிடித்திருந்தால் நேர்மாறாக நடக்கும். ரெஞ்ச் போதும் என்று சொல்லும்போதும், பலம் முழுவதும் துருவோடு போராடுவதில் போய்விட்டிருக்கும். சக்கரத்துக்குக் கிடைத்த பிடிப்பு குறைவாகவே இருக்கும். ஆகவே மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்வதும், துரு ஆழமாக அரித்திருந்தால் ஸ்டட்டையும் நட்டையும் மாற்றிவிடுவதுமே வழி. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

இறுக்கம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அது நல்லெண்ணத்திலிருந்து வருகிறது. கடைப் பையன் என் மீது வெறுப்பில் அப்படி இறுக்கவில்லை. மேடத்தின் வண்டியில் நட் கழன்றுவிடக் கூடாது என்றுதான் கன்னை இன்னும் ஒரு நொடி பிடித்திருப்பான். ஆனால் ஸ்டட் ஓர் எல்லை வரைதான் நீண்டு சுருங்கும். அதைத் தாண்டி இழுக்கப்பட்ட ஸ்டட், பழைய ஜட்டி எலாஸ்டிக் போல, நீண்டதோடு நின்றுவிடும்; சுருங்கி இழுக்கும் குணம் போய்விடும். அப்படிப்பட்ட நட் அன்று இறுக்கமாகத் தெரிந்தாலும், போகப் போகத் தானே தளரவும் செய்யலாம், ஒரு நாள் ஸ்டட்டோடு முறிந்து வரவும் செய்யலாம். அரை அங்குலச் சதுர முனை உள்ள ஏர் கன்களில் பலவற்றால் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்க முடியும். கம்ப்ரசரில் காற்று நிறைந்திருக்கும்போது அது ஒரு பலம் கொடுக்கும், மூன்று கார்களுக்கு வேலை நடந்து காற்று குறைந்திருக்கும்போது வேறொரு பலம் கொடுக்கும். அதை வைத்து அளவு சொல்வது யாராலும் ஆகாது.

அண்ணன் மற்ற மூன்று சக்கரங்களையும் என் கண் முன்னால் சோதித்தார். பன்னிரண்டு நட்டுகளில் ஐந்தை நீளமான கம்பி போட்டுத்தான் இளக்க முடிந்தது. இரண்டு நட்டுகள், அதுவும் முன்பக்க வலது சக்கரத்தில், சாதாரண ஸ்பேனரைக் கையால் லேசாகத் தட்டியதுமே இளகின. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பையன் ஒரே கன்னால் இறுக்கியவை அவை. மதுரையிலிருந்து கோவில்பட்டி வரை நூறு கிலோமீட்டர் வேகத்தில், அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, நான் அந்த இரண்டு நட்டுகளின் மீது வந்திருக்கிறேன்.

முன்சக்கரங்களில் இப்படி ஏற்றத்தாழ்வாக இறுக்குவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில்தான் பிரேக் டிஸ்க் சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் அழுத்தினால் டிஸ்க் மிகச் சிறிதளவு கோணலாக உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அது சீரற்றுத் தேய்ந்து, வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். அப்போது டிஸ்க்கின் மீது குறை சொல்லி மாற்றுவோம். டயர் கடையில் நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. என் காரின் டிஸ்க்குகளுக்கு அந்த அளவுக்கு இன்னும் ஆகியிருக்கவில்லை.

உடைந்த ஸ்டட்டை மாற்றுவதற்குப் பிரேக் ட்ரம்மைக் கழற்றி, ஹப்பை வெளியே எடுத்து, பழைய துண்டைப் பின்பக்கமாகத் தட்டி வெளியேற்ற வேண்டியிருந்தது. ஸ்டட்டின் கழுத்தில் நீள நீளமாக வரிப்பற்கள் இருக்கும். அவை ஹப்பின் துளையில் கடித்துக்கொண்டுதான் ஸ்டட் சுழலாமல் நிற்கிறது. புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், அண்ணன் பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்தி ஏற்றினார். அந்தச் சக்கரத்தின் மற்ற மூன்று ஸ்டட்டுகளையும் மாற்றச் சொன்னார். அளவுக்கு மேல் இழுக்கப்பட்ட ஒன்றின் பக்கத்தில் இருப்பவை எவ்வளவு தாங்கியிருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்றார். எல்லாமாக நட்டுகளோடு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தத் தொகையைப் பற்றி எனக்கு இன்றும் மனக்குறை இல்லை.

மாட்டும்போது அவர் செய்த முறையை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் இப்போது எல்லாக் கடைகளிலும் கேட்டு வாங்குகிறேன். ஹப்பின் முகத்திலும் சக்கரத்தின் பின்முகத்திலும் இருந்த துருச் செதில்களைத் தேய்த்து எடுத்தார். நடுவில் ஒரு செதில் சிக்கியிருந்து, ஓட ஓட அது நசுங்கினால், நான்கு நட்டுகளின் பிடிப்பும் ஒரே நேரத்தில் குறைந்துவிடும். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை விரலால் மட்டும் திருகினார். ஒவ்வொன்றும் குழியைத் தொடும் வரை விரலாலேயே போனது. ஸ்பேனரால் லேசாக, எதிரெதிராக இறுக்கினார். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 12, 6, 3, 9 என்ற வரிசை. ஐந்து நட்டுகள் என்றால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்று விட்டு ஒன்று போக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வட்டமாக இறுக்கிக்கொண்டு போனால் சக்கரம் ஒரு பக்கம் முதலில் அழுந்தி, மறுபக்கம் ஹப்போடு சேராமல் நின்றுவிடும். பிறகு ஜாக்கியைத் தளர்த்தி, சக்கரம் சுழலாதபடி டயர் தரையைத் தொட்டதும், டார்க் ரெஞ்சில் 108 வைத்து, அதே வரிசையில் மெதுவாக இழுத்தார். அளவு வந்ததும் கைப்பிடிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கையிலும் அது தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுத்தால் அளவு கூடிவிடும்.

என்னையும் ஒரு சக்கரத்துக்கு இழுக்க வைத்தார். 108 என்பது எவ்வளவு குறைவான பலம் என்பது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. காரோடு வரும் ஸ்பேனர் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் முனையில் 37 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் நின்ற இடத்தில் குனிந்து கையால் அழுத்தியே அதைக் கொடுத்துவிடலாம். 62 கிலோ எடையுள்ள நான் ஏறி நின்றபோது 180 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுத்திருக்கிறேன். அதற்கும் நட் அசையவில்லை என்றால் அது எவ்வளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரின் கையேட்டில், காலால் மிதித்தோ குழாய் போட்டோ அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது என்று எச்சரிக்கையே கொடுத்திருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கும் மேலாக அந்தப் புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருந்தது.

ஒவ்வொரு காருக்கும் அளவு வேறு. டொயோட்டாவின் பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர். வேறு நிறுவனங்களில் இதைவிடக் குறைவாகவும் உண்டு, கூடவும் உண்டு. ஒரே நிறுவனத்தின் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் மாறவும் செய்யும். எனவே நண்பர் சொன்ன எண்ணையோ நான் இங்கே எழுதியிருக்கும் எண்ணையோ உங்கள் காருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையேட்டில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, நட்டின் மரை அளவையும் சேர்த்து, ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

அன்று மாலை பட்டறையில் இருந்தபோதே எனக்கு வேறொரு கவலை வந்தது. மாருதியின் நட் ஒன்று என் காரில் இருக்கிறது என்றால், என் நட் ஒன்று அந்த மாருதியில் இருக்க வேண்டும். அங்கேயும் மரை வெட்டுப்பட்டிருக்கும், அந்த வீட்டிலும் யாராவது பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். உடனே மதுரைக் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் முதலில், எங்கள் கடையில் அப்படி நடக்காது என்றார். நான் கோபப்படவில்லை, எனக்குப் பணம் எதுவும் வேண்டாம், அன்றைய பில் புத்தகத்தைப் புரட்டி, என் வண்டி நின்ற நேரத்தில் பக்கத்தில் எந்த மாருதி நின்றது என்று பாருங்கள், அவரை மட்டும் அழைத்து நட்டுகளைச் சோதியுங்கள் என்றேன். நட் இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும், சீவல்கள் சுருண்டு கிடந்த ஸ்டட்டின் படத்தையும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துக் கடை உரிமையாளரே அழைத்து, அன்று ஒரு வேகன் ஆர் நின்றதாகவும், அவரிடம் பேசிவிடுவதாகவும் சொன்னார். படம் பேசிய அளவுக்கு என் வாய்ப் பேச்சு பேசியிருக்காது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் சேதமான பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள்.

அடுத்த நாள் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் ஒரு கருவிக் கடையில் 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ள டார்க் ரெஞ்ச் ஒன்று 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே 19 அளவுள்ள, உள்ளே ஆறு முகங்கள் கொண்ட ஆழமான சாக்கெட்டும் ஒன்று. பன்னிரண்டு முகம் உள்ள சாக்கெட் நட்டின் முனைகளை மட்டும் பிடிப்பதால் மழுங்கச் செய்யும். ஆறு முகம் உள்ளது நட்டின் பக்கங்களில் படிந்து பிடிக்கும். கழற்றுவதற்கு ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது, அதற்குச் சாதாரணக் கம்பியே போதும், வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் கீழெல்லைக்குத் திருப்பி வைத்தால்தான் உள்ளே உள்ள சுருள் தளராமல் இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு டயர் வேலைக்குப் போகும்போது நான் காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். வேலை தொடங்கும் முன்பே, "தம்பி, கழற்றுவதற்குக் கன் போட்டுக்கொள்ளுங்கள், மாட்டும்போது விரலால் ஆரம்பித்து, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் 108 வைத்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். முடிந்த பிறகு சொன்னால் அது குறை சொல்வதாகிவிடுகிறது. முன்பே சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. என் நட்டுகளைப் போட நானே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கொண்டுபோகிறேன். கடையில் ரெஞ்ச் இல்லை என்றால் என்னுடையதைக் கொடுக்கிறேன். இரண்டு கடைகளில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த பையன்கள் எப்படி அளவு வைப்பது என்று ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. நாள் முழுவதும் வெயிலில் குனிந்து வேலை செய்யும் அவர்கள் மீது கோபப்படுவதைவிட, கடை உரிமையாளர்கள் ஆளுக்கு ஒரு தட்டும் கடைக்கு ஒரு ரெஞ்சும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் மதுரைக்குத் திரும்பினோம். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு, ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும், அலாய் சக்கரங்களுக்கு இது முக்கியம், முகங்கள் படிந்து உட்கார்வதில் பிடிப்பு சற்றுக் குறைந்திருக்கலாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். சுமார் 80 கிலோமீட்டர் வந்ததும் சாத்தூரில் ஓர் உணவகத்தின் மர நிழலில் நிறுத்தி, சக்கரங்கள் சற்று ஆறட்டும் என்று காபி குடித்துவிட்டு, ரெஞ்சை எடுத்தேன். பதினாறு நட்டுகள். பதினைந்தில் உடனே 'டிக்' கேட்டது. புது ஸ்டட் போட்ட சக்கரத்தில் ஒன்று மட்டும் மிகச் சிறிதளவு நகர்ந்து, பிறகு 'டிக்' என்றது.

ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது மதுரைக் கடை உரிமையாளர் அழைத்தார். வேகன் ஆர் காலையில் வந்திருந்தது; முன்பக்க இடது சக்கரத்தில் என் நட் இருந்தது; கழற்றும்போது ஸ்டட்டின் மரை முழுவதும் அதோடு உரிந்து வந்துவிட்டது. ஸ்டட்டைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் காரின் உரிமையாளர் அடுத்த நாள் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக இருந்தாராம்.

அம்மா யார் பேசியது என்று கேட்டார். சொன்னேன். அந்தக் குழந்தைகள் எத்தனை பேர், என்ன வயது என்று மதுரை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அது எனக்குத் தெரியவில்லை.